போலந்துப் புதூரில் விசாரித்தோம்

டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்காகவே லாண்டரி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே நின்று எதைக் கேட்டாலும் வெளியே ஒரு சத்தமும் போகாது.

வெளியே சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். என் வீட்டுக்காரர் சண்முகம், எங்கள் ஒரே மகள் நித்யா, அவள் கட்டிக்கொள்ளப் போகிற மாரெக் நோவாக். மாரெக் போலந்தில் பிறந்தவன். பள்ளிக்கூட வயது வருவதற்கு முன்பே அம்மாவோடு நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டான். பாலங்களில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று சோதிக்கிற இன்ஜினியர். அப்பா இல்லை, அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார் என்று நித்யா சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து கொள்ளு ரசம் வைத்திருந்தேன். அந்தப் பையன் அதைச் சாதத்தில் ஊற்றி, கையால் பிசைந்து, முழங்கை வரை ஒழுகவிட்டுக்கொண்டு சாப்பிட்டான். தங்கமான பிள்ளை என்று நான் நினைத்த அந்த நிமிஷம் போன் அதிர்ந்தது. போலந்திலிருந்து சாந்தி. வாய்ஸ் மெசேஜ்.

சாந்தி என் நாத்தனார், இவருடைய பெரியம்மா மகள். கிராகோவ் நகரத்தில் ஐடி வேலை. கார் வைத்திருக்கிறாள், போலிஷ் பேசுகிறாள், யாரிடம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்பாள்.

"அண்ணி, பக்கத்துல யாரும் இல்லீல்ல? அண்ணங்கிட்ட மெதுவாச் சொல்லுங்க. நான் நேத்து மாரெக்கோட ஊரு, அந்த நோவா வியேஷ் போயிட்டு வந்துட்டேனுங்க. விஷயம் நல்லா இல்ல. அவங்கப்பா செத்தெல்லாம் போகல. உசுரோட இருக்கார். குடி. பொண்டாட்டியப் போட்டு அடிச்சிருக்கார். அந்தம்மா சின்னவனத் தூக்கிக்கிட்டு அமெரிக்கா ஓடிட்டாங்களாம். மூத்தவன் ஒருத்தன் இருக்கான், அவன் இப்ப ஜெயில்ல. அவனும் பொண்டாட்டிய அடிச்சுத்தான்."

டிரையர் நின்றுவிட்டது. நான் அதைத் திரும்பப் போட்டுவிட்டு, துணிக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் ஃப்ரீவேயில் காரை ஓரம் கட்டி அழுத கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் எதற்குத்தான் பயப்படமாட்டீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த வாரமும் அவருக்குப் பதில் கிடைக்கப் போவதில்லை.

விசாரிப்பு என்பது

எங்கள் தாராபுரம் பக்கத்தில் விசாரிக்காமல் பெண் கொடுக்கமாட்டார்கள். ஜாதகம் பொருந்தினாலும், பையன் டாக்டராக இருந்தாலும் விசாரிப்பு விசாரிப்புதான். மாப்பிள்ளையின் ஊருக்குப் பெண் வீட்டிலிருந்து ஒருத்தர் போவார். சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூடாது, நல்லது மட்டும் சொல்வார்கள். பங்காளிகளிடமும் கேட்கக் கூடாது, கெட்டது மட்டும் சொல்வார்கள். டீக்கடை, ரைஸ்மில், ரேஷன் கடை. ஒரு வழிப்போக்கனைப் போல உட்கார்ந்து, வேறு எதையோ பேசிப் பேசி அந்த வீட்டுக்கு வரவேண்டும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். அந்த ஆயிரத்தையும் சலித்து எடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

எனக்கும் விசாரித்தார்கள். இவர் ஊர் டீக்கடையில் என் அப்பாவுக்குக் கிடைத்த தகவல், "பையனுக்குக் கோவம் வராது, வேலையும் ஓடாது" என்பது. இரண்டும் இன்றுவரை சரியாக இருக்கிறது.

விசாரிக்காமல் செய்தது எங்கள் வீட்டில் ஒரே ஒரு கல்யாணம். என் சித்தி மகள் வளர்மதிக்கு டெக்சஸ் மாப்பிள்ளை வந்தபோது, "அமெரிக்காவில இருக்கிறவர எங்க போய் விசாரிக்கிறது?" என்று சித்தப்பா விட்டுவிட்டார். அங்கே பக்கத்து அபார்ட்மென்ட்டில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள், சுவர் அவ்வளவு மெல்லிசு. வளர்மதி ஒரு கையில் கட்டோடு ஏர்போர்ட்டில் வந்து இறங்கியதைப் பார்த்தவள் நான். அவளால் இன்றைக்கும் அந்தக் கையால் குடத்தைத் தூக்க முடியாது.

ஆகவே, மாரெக் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது இவர் சாதாரணமாகக் கேட்பதுபோல, "சொந்த ஊர் எது தம்பி?" என்று கேட்டதும் நான் தடுக்கவில்லை. "நோவா வியேஷ், தார்னூஃப் மாநிலம்" என்றான் அவன். அதை இவர் அப்படியே சாந்திக்கு அனுப்பினார். நித்யாவிடம் மூச்சு விடவில்லை.

கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்

அன்று லாண்டரி ரூமிலிருந்து வெளியே வந்த பிறகு என் கண் மாரெக்கின் கைகளைவிட்டு நகரவில்லை. பெரிய கைகள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். கழுவிய தட்டைத் துடைக்கவும் செய்தான். இவ்வளவு பவ்யம் எதற்கு என்று பயந்தேன். இவர் பியர் கொடுத்தபோது ஒன்று குடித்தான், இரண்டாவதை வேண்டாம் என்றான். வேண்டாம் என்று சொல்லப் பழகியிருக்கிறான் என்றால் ஏன் பழகினான் என்று அதற்கும் பயந்தேன்.

அவர்கள் கிளம்பிப் போனதும் இவரிடம் சொன்னேன். நேராகப் போய்ப் புல் வெட்டும் மெஷினை எடுத்தார். முந்தின நாள்தான் வெட்டிய புல்.

"ஏனுங்க, ஏதாச்சும் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது? அப்பன் செத்துட்டான்னு பொய் சொல்லியிருக்காங்களே, அதுக்கு மேல என்ன இருக்குது?"

"நித்யாகிட்ட சொல்லலாமா?"

"எப்படித் தெரியும்னு கேப்பாளே. என்ன சொல்லுவ?"

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். சொன்னால் அவள் எங்களை நம்பமாட்டாள். சொல்லாமல் விட்டால் இன்னொரு வளர்மதி. நித்யா ஜெர்சி சிட்டியிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அவள் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "தூங்கினியா கண்ணு? கை கால் எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன் ஒரு நாள். "கை காலா? ஐ ஆம் ஃபைன், அம்மா. ஆர் யூ ஓகே?" என்றாள்.

லிண்டனில் ஒரு சூப்

இந்த நேரம் பார்த்து மாரெக்கின் அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். பெயர் தனுதா. லிண்டனில் சின்ன வீடு, ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை. அவருடைய ஆங்கிலம் முன்னும் பின்னுமாக வரும். நான் என் தமிழிலேயே தருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு போட்டோ. மீசை வைத்த இளைஞன் ஒரு டிராக்டரில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறான். "இதான் மாரெக்கோட அப்பா. இதே டிராக்டர்தான். மேட்டுல கவுந்துடுச்சு" என்றார் தனுதா. சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் சூப்பைக் கொண்டுவந்தார்.

எவ்வளவு சரளமாகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். கோழி சூப், அதில் மெல்லிய நூடுல்ஸ், மேலே பச்சையாக ஏதோ கீரை. வாய்க்குள் ஒன்றும் இறங்கவில்லை. நித்யாவும் மாரெக்கும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் சூப்பை ரசித்துக் குடித்தார். எந்தக் கவலையிலும் இவருக்குப் பசி போகாது, அதையும் அந்த டீக்கடையில் சொல்லியிருக்கலாம்.

நான் ஒரு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறவள். பொய்யைச் சோதிக்க ஒரே வழி, சின்னச் சின்னதாகக் கேட்பது.

"உங்க ஊர் தார்னூஃப் மாநிலம்தானே?"

"அது அப்போ. நாங்க இங்க வந்த பிற்பாடு கவர்மென்ட் எல்லாத்தையும் மாத்திட்டாங்க. நாப்பத்தொம்பது மாநிலம் இருந்துச்சு. சேர்த்துச் சேர்த்துப் பதினாறு ஆக்கிட்டாங்க. தார்னூஃப்னு மாநிலமே இப்ப கிடையாது. எங்க ஊர் பக்கத்து மாநிலத்துக்குப் போயிடுச்சு. நான் பழக்கத்துல இன்னும் தார்னூஃப்னு சொல்றேன். அதக் கேட்டு இவனும் சொல்றான்."

கையில் இருந்த ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

எங்களுக்கும் இதேதான் நடந்தது. கோயமுத்தூர் மாவட்டம், பிறகு ஈரோடு, பிறகு திருப்பூர். வீட்டுக் கதவைக்கூட மாற்றாமல் மூன்று மாவட்டத்தில் குடியிருந்தவர்கள் நாங்கள். அவர்கள் சேர்த்தார்கள், நம்மவர்கள் பிரித்தார்கள், அதுதான் வித்தியாசம்.

"நோவா வியேஷ்னா என்ன அர்த்தம்?"

"என்ன பெரிய அர்த்தம்? புது ஊர். அவ்வளவுதான்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சூப் குடிப்பதை நிறுத்தியிருந்தார்.

எந்தப் புதூர்?

புதூர். எங்கள் பக்கத்தில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு புதூரில்தான் விழும். நான் பிறந்தது ஒரு புதூர், வாக்கப்பட்டது இன்னொரு புதூர். சாந்தி வளர்ந்ததும் அதே இரண்டாவது புதூரில். புதூர் என்று ஒருத்தர் வாயெடுத்தால், "எந்தப் புதூருங்க? எந்தத் தாலுகா? எந்த ரோட்டு மேல?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவோம். அப்படிப்பட்ட மூன்று பேர் சேர்ந்து, அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் ஒரு குடும்பத்தை விசாரித்திருக்கிறோம்.

"இந்தப் பேர்ல நிறைய ஊர் இருக்குமா?" என்று கேட்டேன்.

தனுதா சிரித்தார். "போலந்துல எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணு இருக்கும். அதனால எந்த போவியாத், எந்த க்மீனான்னு கேட்டுட்டுத்தான் பேசுவோம்." போவியாத் என்றால் மாவட்டம். க்மீனா என்றால் நம் பஞ்சாயத்து யூனியன்போல, பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்தது. ஒவ்வொரு ஊருக்கும் சோவ்டிஸ் என்று ஒரு தலைவர் உண்டு, ஊர்க்கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். தெருவுக்கெல்லாம் பெயர் கிடையாது, ஊர்ப் பெயருக்குப் பின்னால் வீட்டு நம்பர் மட்டும்தான்.

"நீங்க எந்த க்மீனா?"

தனுதா நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "அமெரிக்காவுல இத்தனை வருஷத்துல என்னை இத யாருமே கேட்டதில்ல" என்றார். பேப்பர் நாப்கினை எடுத்து, மேலே க்மீனாவின் பெயரை எழுதி, கீழே ஊரை வரைந்தார். மாதா கோயில், தீயணைப்புக் கொட்டகை, பஸ் நிறுத்தம், சரிவான ஒரு வயல். அந்த வயலை வரையும்போது மட்டும் பேனா கொஞ்சம் மெதுவாகப் போனது.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாந்தி போனது தவறான ஊராக இருக்கலாம். அல்லது இந்த அம்மா நன்றாகப் படம் வரைகிற பொய்க்காரியாக இருக்கலாம். எது என்று எனக்கு எப்படித் தெரியும்? நாப்கினை மடித்து எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, சாந்திக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "ஐயோ அண்ணி. நான் போனது இந்த ஊரே இல்லீங்க. இன்னைக்கி இருக்கிற மேப்பில தார்னூஃப் டவுன் பக்கத்துல தேடிப் போயிட்டேன்."

கூடவே இன்னொன்று. "கடைக்காரம்மாகிட்ட, 'பையனத் தூக்கிக்கிட்டு அமெரிக்கா போனாங்களே, அந்த நோவாக் வீடு எது'ன்னு கேட்டேனுங்க. நோவாக்ங்கிறது இங்க நம்ம முருகேசன் மாதிரி, ஊருக்குப் பத்து இருக்கும். அந்தம்மா அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு நோவாக்கச் சொல்லிட்டாங்கபோல."

நல்ல விசாரிப்பு. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

சிவப்புப் பலகை

அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு தண்ணீர் இல்லை. "திரும்பவும் அனுப்ப வேண்டாம், விட்டுடலாம்" என்று இவர் சொன்னார். வளர்மதியின் கையை நினைத்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை" என்றேன் நான்.

சாந்தி போனாள். இந்த முறை கடையில் கேட்காமல், ஒரு வீட்டுச் சுவரில் "சோவ்டிஸ்" என்று சின்னச் சிவப்புப் பலகை இருப்பதைப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறாள். ஹலீனா என்று ஒரு பெண்மணி. உட்காரவைத்து சூப் கொடுத்தாராம். கேட்டதற்கெல்லாம் ஒளிவு மறைவு இல்லாமல் பதில் சொன்னாராம். நல்ல குடும்பம். மாரெக்கின் அப்பா டிராக்டர் கவிழ்ந்து இறந்தது உண்மை. கல்லறைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். குடிப்பாரா? கல்யாணத்துக்கும் ஈஸ்டருக்கும். கை நீட்டுவாரா? மாட்டைக்கூட அடிக்கமாட்டார்.

நான் டிரையரைப் போடாமலே நடு ஹாலில் நின்று அந்த மெசேஜைக் கேட்டேன். பிறகு பூஜை அலமாரி முன்னால் போய் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். இவர் பின்னால் வந்து, "முடிஞ்சுதா? இனிமே இதப்பத்திப் பேச்சு வேண்டாம்" என்றார்.

முடியவில்லை. சாந்திக்கு ஹலீனா சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அவர் இறந்துபோனவரின் கூடப் பிறந்த அக்கா. மாரெக்கின் சொந்த அத்தை.

ஸ்பீக்கரில்

நித்யா கார் நிறுத்திய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வந்தாள், ஷூவைக் கழற்றவில்லை. நாங்கள் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண் அன்று தமிழில் பேசினாள்.

"சாந்தி அத்தை மாரெக்கோட அப்பா கல்லறையப் பார்த்துட்டு வந்திருக்காங்க. நான் இன்னும் அதப் பார்க்கல அம்மா. மாரெக் என்னைக் கூட்டிட்டுப் போறதா இருந்தான்."

இவர், "கண்ணு, நம்ம பக்கத்து வழக்கம்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு வழக்கம் வேண்டாம்ப்பா. எங்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?"

"பயம்டா" என்றேன். "வளர்மதி சித்தி கை..."

"தெரியும். நீங்க சொல்லிச் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். அதனாலதான் ரெண்டு வருஷம் பழகிப் பார்த்துட்டு உங்ககிட்ட சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாரெக் அம்மா உங்ககிட்ட பேசணுமாம். இப்பவே."

போனை டைனிங் டேபிளில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். கல்யாணம் நின்றுவிட்டது என்று என் மனதில் முடிவாகிவிட்டது. பெண்ணும் போய்விட்டாள் என்று நினைத்தேன். நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சுகந்தி?" தனுதாவின் குரல். "உங்க நாத்தனார் ரெண்டு தடவை சூப் வாங்கிச் சாப்பிட்டாங்களாம். ஹலீனாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நித்யாகிட்ட கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். அது தப்புதான். ஆனா எங்க ஊர்லயும் கேப்பாங்க. என் கல்யாணத்துக்கு முன்னாடி என் அம்மா எங்க மாமாவ நோவா வியேஷுக்கு அனுப்பினாங்க. அவர் அந்த ஊருக்குப் போய், ரெண்டு நாள் தங்கி, ஃபாதர்கிட்ட கேட்டு, பால்காரர்கிட்ட கேட்டு, எல்லாரையும் கேட்டுட்டு வந்து, நல்ல பையன், தாராளமாக் குடுக்கலாம்னு சொன்னார்."

பின்னால் எங்கோ ஒரு கெட்டில் கொதிக்கிற ஓசை கேட்டது.

"அவர் சொன்னது எல்லாமே உண்மை, சுகந்தி. ஒண்ணுகூடப் பொய் இல்ல. டிராக்டர் கவுந்துடும்னு மட்டும் யாராலயும் சொல்ல முடியல."

நித்யா ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றிருந்தாள். என் பக்கம் வரவில்லை. ஆனால் ஷூவைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள். இவர் ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இப்ப எங்க முறை" என்றார் தனுதா. "ஹலீனா கேட்டு எழுதிக்கச் சொன்னா. உங்க ஊர் எது?"

"புதூர்."

"எந்தப் புதூர்?"

சொன்னேன். தாலுகாவைச் சொன்னேன். இப்போதைய மாவட்டத்தையும், பழைய மாவட்டங்களையும் சொன்னேன். அணைக்குப் போகிற ரோட்டில் எந்த இடத்தில் திரும்பவேண்டும் என்பதுவரை சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"யார அனுப்பப் போறீங்க?" என்று கேட்டேன்.

"யாரையும் இல்ல. நானேதான் போகணும். ஆனா நீங்களும் கூட வரணும், சுகந்தி. தனியாப் போக எனக்குப் பயம்."